பகல் நிலாவை அழித்தவர்கள்

சென்ற ஆண்டு, மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் மாலை தன் ஓவிய ஏட்டை என்முன் விரித்து வைத்தாள். 'நான் காணும் வானம்' என்ற தலைப்பில் வரைந்து வரச் சொல்லியிருந்தார்களாம். ஓட்டு வீடு, ஒரு தென்னை, இரண்டு பறவைகள், வலப்புற மூலையில் கதிர்களோடு சிரிக்கும் சூரியன். எல்லாக் குழந்தைகளும் வரைவதுதான். ஆனால் இடப்புறத்தில், நீல வானத்தின் நடுவே, முழுமை பெறாத ஒரு நிலாவையும் அவள் பென்சிலால் வரைந்திருந்தாள். அந்த நிலாவின்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அருகில் 'பகலில் நிலா வராது' என்று எழுதப்பட்டிருந்தது.

"நான் பார்த்தேன்பா" என்றாள். என் மேசையில் திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டுகள் கிடந்தன. தலை நிமிராமலே, "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு. நிலா ராத்திரிதான் வரும். அழிச்சிடு" என்றேன். அவள் மறுபேச்சின்றி அழித்தாள். அழித்த இடத்தை நீல வண்ணத்தால் நிரப்பினாள்.

இரண்டு நாள் கழித்து அவளைப் பள்ளிக்கு வண்டியில் அழைத்துச் சென்றபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. காலை எட்டே கால் மணி இருக்கும். பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "அப்பா, அங்க பாருங்க" என்றாள். மேற்கு வானில், நன்கு உயரத்தில், வெளுத்த அரைநிலா இருந்தது. படத்தில் இருந்ததைவிடச் சற்று மெலிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் இருந்தவர்கள் ஒலிப்பான் அடித்தபின்தான் வண்டியை எடுத்தேன். வெற்றி பெற்ற தொனி எதுவும் அவள் குரலில் இல்லை. "அப்ப டீச்சருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். சற்று நேரம் கழித்து, "உங்களுக்கும் தெரியாதாப்பா?" என்றாள்.

இந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதவைத்தது. அந்த ஆசிரியைமேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்லிக்கொடுத்தார். என் நிலைதான் வெட்கத்துக்குரியது. நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். பிள்ளைத்தமிழ் நடத்தும்போது ஏழாவதான அம்புலிப் பருவத்திற்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்குவேன். சாமம், பேதம், தானம், தண்டம் என நால்வகை வழிகளிலும் நிலவைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் மரபை நயம்பட விளக்குவேன். அந்த நிலா எந்த நாளில், எந்தப் பொழுதில், எத்திசையில் நிற்கும் என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. நிலாவைப் பற்றிய சொற்களில் வாழ்ந்துகொண்டு நிலாவைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சரியாக ஒரு வாரம் கழித்து என் முதுகலை வகுப்பில் கேட்டேன்: "இன்று மாலை ஆறரை மணிக்கு நிலா எங்கே இருக்கும்?" கிழக்கு என்றார் ஒருவர், உச்சி என்றார் இன்னொருவர். ஒரு மாணவர் கைப்பேசியை எடுத்தார். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி மட்டும், "ஐயா, இன்னிக்கு அமாவாசை. நிலா தெரியாது" என்றார். அவர் தந்தை கடலுக்குப் போகிறவர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் மிகும் என்பது அவர்கள் வீட்டில் பிழைப்போடு சேர்ந்த செய்தி. மற்றவர்களுக்கு நிலா ஒரு படிமம், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான்.

நம் தொடக்கப் பள்ளிகளில் வானியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். சூரியன் ஒரு விண்மீன். அதைச் சுற்றி எட்டுக் கோள்கள். பூமிக்கு ஒரு துணைக்கோள். அதன் பெயர் நிலா. கோள்களை வரிசைப்படி எழுதுக. கோடிட்ட இடத்தை நிரப்புக. குழந்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது, பெற்றோர் மகிழ்கிறோம். நான் பள்ளியில் படித்தபோது கோள்கள் ஒன்பது. 1930-இல் கண்டறியப்பட்ட புளூட்டோவை 2006 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் குறுங்கோள் என வகைமாற்றியது. என் மகளுக்குக் கோள்கள் எட்டு. நாளை வேறொரு வரையறை வரலாம். பட்டியல்கள் மாறும் இயல்புடையவை. பட்டியலை மட்டும் பெற்றுக்கொண்ட குழந்தைக்கு, பட்டியல் மாறியதும் பழைய மனப்பாடத்தின் இடத்தில் புதிய மனப்பாடம் வந்து உட்காருகிறது. ஏன் மாறியது என்ற கேள்வி எழுவதற்கான இடமே அங்கில்லை.

வேதியியலுக்குக் குடுவை வேண்டும். உயிரியலுக்கு நுண்ணோக்கி வேண்டும். செலவே இல்லாமல், எந்த ஊரிலும், தலைக்கு மேலேயே ஆய்வுக்கூடம் திறந்து கிடக்கும் ஒரே அறிவியல் வானியல்தான். அதைத்தான் நாம் முழுக்க முழுக்கப் புத்தகத்துக்குள் வைத்து நடத்துகிறோம். இரவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க முடியாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தடை. என் மகள் அழித்த நிலா அந்தத் தடைக்குரிய விடை.

நிலா நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமி அன்று சூரியன் மறையும் வேளையில் உதிக்கும் நிலா, அடுத்தடுத்த நாட்களில் பிந்திப் பிந்தி உதிப்பதால், காலையில் சூரியன் எழுந்தபின்னும் மேற்கு வானில் எஞ்சியிருக்கும். ஆகவே பௌர்ணமிக்கு அடுத்த சில நாட்களிலிருந்து ஒரு வாரத்துக்கு மேலாக, பள்ளிக்குப் போகும் குழந்தை மேற்கு வானில் அதைக் காணலாம். அமாவாசை கழிந்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆனதும் பள்ளி விட்டு வரும் நான்கு மணிக்குக் கிழக்குப் பக்கத்து வானில் காணலாம். மேகம் இல்லையென்றால், மாதத்தில் பாதி நாட்கள் பள்ளி நேரத்தை ஒட்டியே நிலா வானில் இருக்கிறது. சிவப்பு மையால் அடித்தது இந்தப் பாதி மாதத்தைத்தான்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்று படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பூமியின் நிழல் அதன்மேல் விழுவதால் என்று பலர் சொல்வார்கள். அந்த ரயில்வே கேட்டுக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கிழக்கே சூரியனும் மேற்கே அரைநிலாவும் ஒரே வானில் நிற்பதைப் பார்த்த கணத்தில் அந்த விளக்கம் சரிந்துவிட்டது. சூரியன் மேலே இருக்கும்போது பூமியின் நிழல் அதற்கு நேர் எதிர்த் திசையில், நம் காலடிக்குக் கீழே அல்லவா நீண்டிருக்கும்? மேலே இருக்கும் நிலாவை அது எப்படித் தொடும்? ஆகவே நிலாவின் இருண்ட பாதி பூமி போட்ட நிழல் அன்று. அது நிலாவின் சொந்த இரவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமையின்றி, மறுநாள் காலையிலேயே மாடிக்குப் போனோம். ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையை நீட்டி நிலாவுக்கு அருகே தெரியும்படி அவளைப் பிடிக்கச் சொன்னேன். பழத்தின்மேல் வெயில் விழுந்தது. வெயில் பட்ட பகுதியும் படாத பகுதியும் சேர்ந்து பழத்தில் என்ன வடிவம் காட்டினவோ, அதே வடிவத்தை அதன் அருகில் நிலாவும் காட்டியது. அவள் பழத்தையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் விளக்க வாயெடுக்கும்முன், "நிலாவுக்கும் வெயில் அடிக்குதுப்பா" என்றாள். நிலவொளி என்பது ஞாயிற்றின் ஒளியே என்னும் பாடம் இந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டது. இதை இரவில் செய்து காட்ட முடியாது. பகல் நிலா ஒன்றுதான் இதைக் கற்பிக்கும். எந்த நிலா பாடத்தின் திறவுகோலோ அதைத்தான் பிழை என்று அழிக்கச் சொல்லியிருக்கிறோம்.

பூமியின் நிழல் நிலாமேல் விழுவதே இல்லையா என்றால், விழுகிறது. அதுதான் சந்திர கிரகணம். பௌர்ணமியன்று மட்டுமே நிகழ முடியும். எல்லாப் பௌர்ணமியிலும் நிகழ்வதில்லை. நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிச் செல்கிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளையே மரபு இராகு, கேது என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 7 நள்ளிரவையொட்டி ஒரு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. நிலாமேல் நகரும் அந்த நிழலின் விளிம்பு வளைந்திருக்கும் என்பதை ஒரு குழந்தை பார்த்துவிட்டால், பூமி உருண்டை என்பதற்கு வேறு சான்று காட்டவேண்டியதில்லை.

இங்கே ஒரு மாலைப் பொழுதை நினைவுகூர விரும்புகிறேன். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பதில் நமக்குப் பெருமை. தரையிறங்கும் சோதனைகளுக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகள் பயன்பட்டதிலும் பெருமை. அன்று எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சி ஓடியது. நானும் அதன்முன்தான் அமர்ந்திருந்தேன். பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த நேரத்தில் இங்கே சூரியன் இன்னும் மறையவில்லை. தெற்கு வானில், நல்ல உயரத்தில், ஏறக்குறைய அரைநிலா இருந்திருக்கிறது. தரையிறங்கிய இடம் அந்த ஒளிப்பகுதியின் தென்கோடி. கலம் சூரிய ஒளியில் இயங்கவேண்டும் என்பதால் அங்கே பகல் தொடங்கியதும் இறங்கும்படி நாள் குறித்திருந்தார்கள். நிலவின் ஒரு பகல் நமக்கு ஏறத்தாழ 14 நாட்கள். நாட்குறிப்பே வளர்பிறையை ஒட்டி அமைந்தது என்றுகூடச் சொல்லலாம். கதவைத் திறந்து வெளியே வந்திருந்தால் வெறும் கண்ணால் அந்த நிலாவைப் பார்த்திருக்கலாம். அதுவும் ஒரு பகல் நிலா. நாங்கள் யாரும் வெளியே வரவில்லை.

இனி மொழிக்கு வருகிறேன். இது அறிவியல் ஆசிரியர்களின் வேலை, தமிழாசிரியனுக்கு இதில் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நம் மொழியில் வானத்தைப் பார்த்தவர்களின் தடம் சொற்களில் பதிந்திருக்கிறது. திங்கள் என்றால் நிலவு. திங்கள் என்றால் மாதம். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஏறத்தாழ 29½ நாள் என்னும் எண்ணிக்கை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நாள் என்றால் தினம்; நாள் என்றால் விண்மீனும்தான். நிலா விண்மீன்களுக்கிடையே ஒரு சுற்று வர ஏறத்தாழ 27⅓ நாள் ஆகிறது. ஆகவே நாளுக்கு ஒன்றாக 27 நாள்மீன்கள். இரண்டு கணக்குக்கும் இடையே இரண்டு நாளுக்கு மேல் வேறுபாடு ஏன்? நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றும் பாதையில் நகர்ந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட நிலா இன்னும் கொஞ்சம் ஓடவேண்டியிருக்கிறது. சூரியக் குடும்பத்தின் இயக்கமே இந்த இரு சொற்களின் இடைவெளியில் அடங்கிக் கிடக்கிறது. பாரி மகளிர் பாடியதாக வரும் புறநானூற்று 112-ஆம் பாடலைக் கண்ணீர் மல்க நடத்தியிருக்கிறேன். அந்தத் திங்களும் இந்தத் திங்களும் என்னும் பொருள், மாதத்தை நிலாவால் எண்ணிய ஒரு சமூகத்தின் மூச்சு என்பதை ஒருநாளும் சொன்னதில்லை.

வாரத்தின் ஏழு நாட்களைச் சொல்லும் ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் சூரியனையும் நிலாவையும் ஐந்து கோள்களையும் சொல்லிவிடுகிறது. செவ்வாய் என்ற பெயரில் சிவப்பு இருக்கிறது. வெள்ளி என்ற பெயரில் வெண்மை இருக்கிறது. பெயரிட்டவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் பெயரிட்டிருக்கவேண்டும். யுரேனசும் நெப்டியூனும் கிழமைகளில் ஏன் இல்லை என்று குழந்தை கேட்டால் அதுவே அடுத்த பாடம். யுரேனஸ் 1781-இலும் நெப்டியூன் 1846-இலும் தொலைநோக்கியின் துணையால் கண்டறியப்பட்டவை. வெறும் கண்ணுக்கு எளிதில் தெரிந்தவை ஐந்து மட்டுமே என்பதற்குக் கிழமைப் பெயர்களே சாட்சி.

இதே இடத்தில்தான் ஒரு குழப்பமும் இருக்கிறது. கோயிலில் குழந்தை சுற்றிவரும் நவக்கிரகங்கள் ஒன்பது. அவற்றில் சூரியன் உண்டு, நிலா உண்டு, இராகு கேது உண்டு, பூமி இல்லை. பள்ளியில் சொல்லும் கோள்கள் எட்டு. அவற்றில் பூமி உண்டு. சூரியனும் நிலாவும் இல்லை. இரண்டையும் கோள் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். குழந்தை இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்துப் பூட்டிக்கொள்கிறது. தேர்வுக்கு ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். இதைப் பேசவேண்டியவர் தமிழாசிரியர். கோள் என்பது கொள் என்னும் வினையடியிலிருந்து வந்தது. கிரகம் என்னும் வடசொல்லுக்கும் பற்றுதல் என்பதே பொருள். நின்று ஒளிரும் விண்மீன்களுக்கிடையே இடம் பெயர்வன எல்லாம் அன்று ஒரே வகையாகக் கருதப்பட்டன. தரையில் நின்று பார்ப்பவனுக்குச் சூரியனும் நிலாவும் இடம் பெயர்வனவே. தான் நிற்கும் தரையை அவன் அப்பட்டியலில் சேர்க்கமாட்டான். இன்று சூரியனைச் சுற்றுவனவற்றுள் வரையறைக்கு உட்படுவனவற்றை மட்டும் கோள் என்கிறோம். சொல் அதுவே, அளவுகோல் மாறிவிட்டது. இதை மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் சொல்ல முடியும். பக்தியையும் புண்படுத்தவேண்டியதில்லை, அறிவியலையும் மறைக்கவேண்டியதில்லை.

இதை எழுதும்போது ஓர் அச்சமும் எழுகிறது. எல்லாம் நம் முன்னோருக்கு முன்பே தெரியும் என்ற முழக்கத்துக்கு இக்கட்டுரையும் துணைபோய்விடுமோ என்று. அப்படியன்று. 'கோள் ஒளியைக் கொள்வதால் கோள் எனப்பட்டது; சூரியனிடம் கோள்கள் ஒளி பெறுவதை அன்றே அறிந்திருந்தனர்' என்று நானே வகுப்பில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். பின்னாளைய அறிவை முன்னாளைய சொல்மேல் ஏற்றிவைக்கும் வேலை அது. புறநானூற்று 30-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் அதன் வேகத்தையும் வட்டத்தையும், காற்று உலவும் திசையையும், தாங்குவது எதுவுமின்றி நிற்கும் வானத்தையும் நேரே போய் அளந்தவர்போலச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். அப்படிச் சொல்பவர்கள் இருந்தார்கள் என்பதுதான் அதில் நமக்குக் கிடைக்கும் செய்தி. அவர்கள் சொன்னது சரியா என்பது வேறு கேள்வி. கி.பி. 499-இல் ஆரியபடர் நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை என்றும் கிரகணங்கள் நிழல்களால் நிகழ்வன என்றும் எழுதினார். பூமி சுழல்வதை, ஓடத்தில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவதோடு ஒப்பிட்டு விளக்கினார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம் அவர் செய்ததைச் செய்வதில்லை. அவர் பார்த்தார், எண்ணினார், நிலவிய கருத்தோடு முரண்பட நேர்ந்தபோது முரண்பட்டார். ஒரு குழந்தை தான் பார்த்ததை வரைந்ததற்காகச் சிவப்பு மை வாங்கும் ஊரில் ஆரியபடரின் பெயர் வெறும் பெயர்தான்.

சூரியனைப் பற்றியும் இப்படிப் பார்க்காமல் சொல்லும் வாக்கியங்கள் பல உண்டு. நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே இருக்கும் என்பது ஒன்று. எங்கள் திருச்சிப் பகுதியில் அது ஆண்டில் இரண்டு நாள் மட்டுமே உண்மை. ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருநாள், ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி ஒருநாள். அந்நாட்களில் பன்னிரண்டே கால் அளவில், நட்டுவைத்த கோலுக்கு நிழலே இராது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். பள்ளித் திடலில் ஒரு கோலை நட்டு, வாரம் ஒருமுறை மதிய உணவுக்கு முன் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்துவந்தால் போதும். ஆண்டு முடிவில் பூமியின் 23½ பாகைச் சாய்வு திடலில் கற்களாகக் கிடக்கும். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போவதால்தான் வெயில் மிகுகிறது என்பது இன்னொரு வாக்கியம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது சனவரித் தொடக்கத்தில். நாம் போர்வை தேடும் மார்கழிக் குளிரில்.

அளவும் அப்படித்தான். பாடநூல் படத்தில் சூரியனும் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அடங்கியிருக்கும். அச்சிடுவதற்கு வேறு வழியில்லை. ஆனால் அந்தப் படம்தான் மனத்தில் தங்குகிறது. நானும் மகளும் தெருவில் செய்து பார்த்தது இது. பூமியை ஒரு மிளகாக வைத்துக்கொண்டால், நிலா அதிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு கடுகு. சூரியன் 44 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய பூசணிக்காய். மிளகிலிருந்து 47 மீட்டர் தொலைவில். வியாழன் ஓர் எலுமிச்சை. பூசணிக்காயிலிருந்து ஏறத்தாழ 245 மீட்டர். நெப்டியூனுக்கு 1,400 மீட்டர் நடக்கவேண்டும். நாங்கள் வியாழன் வரைக்கும்தான் போனோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்கு, இதே அளவில், 12,000 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும் என்று திரும்பும் வழியில் கணக்கிட்டுச் சொன்னேன். அவள் கையிலிருந்த மிளகை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம எல்லாரும் இதுலதான் இருக்கோமா?" என்று கேட்டாள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியாததன்று. ஒரே ஆசிரியர் பல பாடங்களை நடத்துகிறார். கணக்கெடுப்புகளும் பதிவேடுகளும் அவர் தலையில்தான். அவரிடம் தொலைநோக்கி வாங்கச் சொல்லவில்லை. கூடுதல் பாடம் எதையும் கேட்கவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குத் திடலில் நிற்கும் பிள்ளைகளிடம் "இன்று நிலா தெரிகிறதா, எந்தப் பக்கம்?" என்று கேட்க அரை நிமிடம் போதும். ஒரு மாதம் கேட்டபின் பாடத்தை நடத்தினால் படத்தில் உள்ள ஒவ்வொரு பிறையும் அவர்கள் ஏற்கெனவே சந்தித்ததாக இருக்கும். படத்தில் நிமிர்ந்து நிற்கும் பிறை நம் ஊரில் பெரும்பாலும் தோணிபோல மல்லாந்து கிடப்பது ஏன் என்றுகூட ஒரு பிள்ளை கேட்கலாம். விடை தெரியாவிட்டால் "தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வதில் ஆசிரியருக்கு இழுக்கில்லை. எனக்கு அந்தச் சொற்கள் வாயில் வர இத்தனை ஆண்டுகள் ஆயின.

என் கவலை நிலாவைப் பற்றியது மட்டுமன்று. தான் கண்டதையும் பெரியவர்கள் சொன்னதையும் எதிரெதிரே வைத்து, கண்டதை அழித்துவிடப் பழகும் ஒரு குழந்தை பிறகு எதையெல்லாம் அழிக்கும் என்பதுதான். என் மாணவர்கள் ஒரு கவிதையைப் பற்றித் தமக்குத் தோன்றியதை எழுதாமல் உரையாசிரியர் சொன்னதை எழுதுகிறார்கள் என்று ஆண்டுதோறும் குறைப்படுகிறேன். அந்தப் பழக்கம் கல்லூரியில் தொடங்கவில்லை. மூன்றாம் வகுப்பில், ஒரு நீல வானத்தில், ஓர் அழிப்பானோடு தொடங்குகிறது. அந்த அழிப்பானை எடுத்துக் கொடுப்பவர்களில் நம்மைப் போன்ற, எழுத்தை நேசிக்கும் பெற்றோர்களும் இருக்கிறோம்.

பள்ளிக்குப் போய் நான் வாதாடவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து அவள் ஒரு சிறு ஏட்டில் நாள்தோறும் நிலாவைக் குறித்து வருகிறாள்: நாள், நேரம், திசை, வடிவம். ஐப்பசியில் தொடர்ந்து பல நாட்கள் ஒரே குறிப்புதான் இருக்கிறது: "மேகம். தேடினேன். தெரியவில்லை." இல்லாததை அவள் வரைந்து நிரப்பவில்லை. பழைய ஓவிய ஏடும் வீட்டில்தான் இருக்கிறது. அழித்த இடத்தில் அழுத்தித் தீட்டிய நீலம் சுற்றியுள்ள வானத்தைவிடச் சற்றுக் கருமையாகத் தெரிகிறது. மறுபடி வரைந்துகொள் என்றேன். "வேண்டாம்பா, அன்னிக்கு இருந்த நிலா வேற" என்றாள்.